ஒரு கை கொழுந்து

சுபாஜினிக்குக் கையை மூடி வைத்துக்கொள்ளத் தெரியாது. கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் அவள் கொழுந்து பறிக்கிறாள். அவளோடு நிரை பிடிக்கும் பெண்களில் யாருக்காவது அன்றைக்குக் கிலோ குறைந்துவிட்டால், நிறுவைக்குப் போகும் முன்பே தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி அவர்கள் சாக்கில் போட்டுவிடுவாள். வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம், முகம் வாடியிருந்தால் போதும். "வச்சுக்கங்கக்கா, நாளைக்கு எனக்குக் கொறைஞ்சா நீங்க போடாமலா போயிருவீங்க" என்பாள். மறுநாளும் அவளேதான் போடுவாள்.

தோட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து, அட்டைக்கடி பட்டு, நாள் முழுக்க மலை ஏறி இறங்கிவிட்டு, ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் என்றால் வயிறு எரியுமா எரியாதா? அதனால்தான் இந்த அள்ளிப் போடும் வழக்கம். கங்காணிக்கும் இது தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் வேறு பக்கம் திரும்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

நானும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தவன்தான். பெயர் ஜெயகுமார். பதுளையில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நோயாளிகளின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வது, நோயாளி அழுதுகொண்டே சொல்வதை அழுகை இல்லாமல் டொக்டருக்குச் சொல்வது, வராதவர்களுக்குப் போன் அடிப்பது, இதுதான் என் உத்தியோகம்.

சுபாஜினி எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபது வயது. புருஷன் கொழும்பில் லொறியில் போனவன். காய்ச்சல் என்று ஊருக்கு வந்து படுத்தான், ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருடம் இவளே மலையில் மயங்கி விழுந்தாள். அன்றைக்கு அவள் எடை முப்பத்தொரு கிலோ. பிழைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இப்போது இருபத்து நான்கு வயது, கன்னத்தில் சதை பிடித்துவிட்டது, வாயோ காது வரைக்கும் வளர்ந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து எடுக்க வருவாள். கொஸ்லந்தையில் பஸ் ஏறி, பெரகலயில் இறங்கி மாறி, பதுளை வந்து சேர அரை நாள் போய்விடும். தோட்டத்தில் பல் வலி என்று சொல்லிவிட்டு வருகிறாள். "நாலு வருசமாவா பல்லு வலி, இன்னும் எத்தனை பல்லு மிச்சம்?" என்று அவளுடைய கங்காணி முருகையா கேட்டாராம். "தொரை குடுக்கிற சம்பளத்துல மெல்லறதுக்கு என்னாங்க இருக்கு, போனாப் போகட்டுங்க" என்றாளாம். அவர் பெரட்டுக் களத்திலேயே சிரித்துவிட்டாராம். அவளைப் பெற்ற தாயைத் தவிர லயத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது.

இந்த நோய்க்கு மருந்து நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. தவறாமல் போட்டால் எல்லாரையும் போல வாழலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். இடையில் விட்டால் ஆள் மெல்ல மெல்லக் கரைந்து போவார். சொல்வது எளிது. லயத்துக் காம்பராவில், ஒரே அறையில், ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தினமும் ஒரு மாத்திரையை விழுங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். 'என்னா மாத்திரை, எதுக்கு மாத்திரை' என்று கேட்காத உறவு உலகத்தில் உண்டா? வயதானவர்கள் பிரஷர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இருபது வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? முதலில் ஒரு நாள் விடும், பிறகு ஒரு வாரம் விடும், பிறகு போனை எடுக்காது.

அதற்குத்தான் போனில் ஒரு விளையாட்டு வந்தது. செய்தவன் ஷிபான், பண்டாரவளைப் பையன், கொழும்பில் கணினி வேலை பார்க்கிறான். மாத்திரை போட்டால் ஒரு ரோஜா பூக்கும், இதுதான் அவன் முதலில் செய்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, எங்க ஆளுங்களுக்குப் பூன்னா சாமிக்கு. தினமும் போன்ல பூ பூத்தா அவங்களுக்கு என்னா?" என்று கேட்டேன். "அப்ப நீங்களே சொல்லுங்க நானா" என்றான். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். சொன்னேன். என் புத்தியை எல்லாம் கொட்டிச் சொன்னேன்.

ரோஜாத் தோட்டம் தேயிலை மலை ஆனது. மாத்திரை நேரம் வந்ததும் போனில் ஸ்டோர் சங்கு, அதாவது தேயிலை ஃபாக்டரியின் சங்கு, ஊதும். மாத்திரையைப் போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்று ஓர் அமுக்கு அமுக்கினால் கூடை நிறையும், முழுப்பேர் விழும். பிந்தினால் அரைப்பேர். போடாவிட்டால் பேர் இல்லை. நாலு பேர் சேர்ந்தது ஒரு கேங். யாருக்கும் யாரையும் தெரியாது, பட்டப்பெயர் மட்டும்தான். ஒருவருக்குப் பேர் விழாவிட்டாலும் நாலு பேருடைய மலையும் காய்ந்து பழுப்பாகிவிடும். அந்த வெட்கத்துக்காவது மாத்திரையைப் போடுவார்கள் அல்லவா?

அத்தோடு நின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "இன்னொண்ணு வேணும் தம்பி" என்றேன். நேரம் பிசகாமல் மாத்திரை போடுகிறவர்களுக்குக் கூடுதல் கிலோ சேரும். கேங்கில் யாருக்காவது குறைந்தால் அவர் 'ஒரு கை கொழுந்து தாங்க' என்று ஒரு பொத்தானை அமுக்கலாம். கூடுதல் கிலோ அதிகம் வைத்திருப்பவருக்கு அந்த வேண்டுகோள் போகும். அவர் அள்ளிப் போட்டால் இவருக்கும் முழுப்பேர். இது எதற்கு என்று ஷிபான் கேட்டான். "இது இல்லாட்டி அது தோட்டமே இல்ல" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கிளினிக்கில் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சுபாஜினி அந்த விளையாட்டில் குதித்துவிட்டாள். தன் பட்டப்பெயரை 'இஞ்சித் தேத்தண்ணி' என்று வைத்துக்கொண்டாள். இரவு ஏழு மணிக்கு அவளுக்குச் சங்கு ஊதும், ஏழு அடித்து ஒரு நிமிடத்தில் மாத்திரை உள்ளே போய்விடும். ஒரு நாள் பிசகியதில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்களெல்லாம் அவள் போனை எட்டிப் பார்த்து, "ஏன்டி, இந்த நிரையக் கவ்வாத்துப் பண்ணாம வச்சிருக்க?" என்று புத்தி சொல்வார்களாம். அது மருந்து விளையாட்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்திருந்தேன்.

விளையாட்டு தொடங்கி நாலாவது மாதம், மருந்து எடுக்க வந்த சுபாஜினி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் பெருமை.

"சார், எங்க கேங்க்ல ஒரு சிங்கம் இருக்கு, தெரியுமா?"

பட்டியலைப் பார்த்தேன். 'சிங்கம்' என்ற பட்டப்பெயரில் இருந்தவன் நிமலன். பசறைப் பக்கத்துத் தோட்டம், வயது இருபத்தொன்று, ஸ்டோரில் தூள் சலிக்கும் வேலை. அவள் கேட்டாலும் இதையெல்லாம் நான் சொல்லக் கூடாது. "இருக்காங்களா?" என்றேன்.

"பேருதான் சிங்கம். கொழுந்து கிள்ளத் தெரியாத சிங்கம். நாப்பத்தொம்பது நாளா நான்தான் சார் அதுக்கு அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளு விட்டதில்ல. நான் இல்லாட்டி எங்க மலை எப்பவோ காஞ்சிருக்கும்!"

'போட்டாச்சு' என்று பொய்யாக அமுக்க மனம் வராமல் இத்தனை நாளும் கொழுந்து கேட்டிருக்கிறான் என்றால், அவன் மருந்தே போடவில்லை. கணினியைத் திறந்தேன். நிமலனுக்கு நாற்பத்தொன்பது நாளும் முழுப்பேர். தானாக விழுந்த பேருக்கும் அள்ளிப் போட்டு விழுந்த பேருக்கும் எங்கள் திரையில் வித்தியாசமே கிடையாது. அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை. போன மாதம் அவன் இரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றான். பேர்தான் ஒழுங்காக விழுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பலீலா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர்தான் எங்கள் தாதி, பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு அவர் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யா அல்லாஹ். நாப்பத்தொம்பது நாளா மருந்து இல்லாம ஒரு புள்ள கெடக்கு, நாம முழுப்பேர் போட்டு வச்சிருக்கோம். கோல் எடுங்க ஜெயகுமார்."

எடுத்தேன். நிமலன் மூன்றாவது தடவைதான் பதில் சொன்னான்.

"போடுறேன் சார், தவறாம போடுறேன். இங்க சிக்னல் இல்ல, அதான் அமுக்க முடியல."

"கொழுந்து கேக்கிறதுக்கு மட்டும் சிக்னல் இருக்கா தம்பி?"

அவன் இருமினான். இருமல் நிற்க நேரம் எடுத்தது. "என்ன இருமல்?" என்றேன். "ஸ்டோர்ல தூசி சார். அடுத்த மாசம் கட்டாயம் வர்றேன்" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. விளையாட்டில் சேரும்போது எல்லாரும் ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் பேர் விழாவிட்டால் மட்டும் வீட்டுக்கு ஆள் வரலாம். இல்லாவிட்டால் வரக் கூடாது. லயத்துக்குள் அந்நிய ஆள் ஒருவர் நுழைந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் பத்து வீட்டில் பத்துக் கதை ஓடும். அதற்குப் பயந்து நோயாளிகளே கேட்டு வாங்கிய விதி அது. பொத்தானை நீக்கச் சொல்லி ஷிபானுக்குப் போன் அடித்தேன். கொழும்பில் கூட்டம் போட்டு அனுமதி எடுக்க இரண்டு வாரமாகும் என்றான். இரண்டு வாரம்! அந்த இருமலைக் கேட்ட எனக்கு இரண்டு நாள்கூட நம்பிக்கை இல்லை.

ஆக, மூன்று நாள் அவனுக்குப் பேர் விழாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. சுபாஜினியை உள்ளே கூப்பிட்டு, சிங்கம் யார் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னோம். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த பெருமை இறங்கியது. இனிமேல் அள்ளிப் போட வேண்டாம் என்றதும் கோபம் ஏறியது.

"என்னால முடியாது மிஸ். கை நீட்டுறவங்களுக்கு இல்லேன்னு எங்க வம்சத்துலயே யாரும் சொன்னதில்ல. எனக்கு ஒடம்புக்கு முடியாம இருந்தப்ப நாலு மாசம் எங்க ஆளுங்கதான் எனக்கு அள்ளிப் போட்டாங்க. ஆறு கிலோ எடுக்கவே உசிரு போகும். ஒரு நாளு எனக்கு அரைப்பேர் விழ விட்டதில்ல. அவங்க இல்லாட்டி நான் பட்டினியிலயே செத்திருப்பேன்."

பலீலா மிஸ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அந்த நாலு மாசத்துல, உங்க கங்காணி ஒங்கள ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னாரா?"

"அவரு எப்படி மிஸ் சொல்லுவாரு? தெனமும் பேரு முழுசா..."

வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. முப்பத்தொரு கிலோவில் மலையில் விழுந்தவள், விழுகிற நாள் வரைக்கும் முழுப்பேர் வாங்கியவள். அதை அவள் அப்போதுதான் யோசித்தாள் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் நானும் அப்போதுதான் யோசித்தேன்.

"அவங்க நல்ல மனுசிங்க மிஸ்" என்றாள், சண்டைக்கு வருகிற மாதிரி.

"நல்ல மனுசிங்கதான். நீங்களும் நல்லவங்க, இந்த ஜெயகுமாரும் நல்லவரு. நல்லவங்க எல்லாம் சேர்ந்துதான் இந்தப் புள்ளய மறைச்சு வச்சிருக்கோம்."

சுபாஜினி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எத்தனை நாளு?" என்று கேட்டாள். மூன்று என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி என்னைப் பார்த்து, "இப்படி ஒரு பொத்தான வச்ச கை வெளங்குமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஏழரை மணிக்கு அவளிடமிருந்து கோல் வந்தது. "கேட்டுட்டான் சார்" என்றாள். கொடுத்தீர்களா என்றேன். "இல்ல. சோறு எறங்கல" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. "ஒம்பது தடவ கேட்டுட்டான் சார், ஒம்பது தடவ! நீங்கல்லாம் மனுசங்கதானா? நெசமாவே அவனுக்கு சிக்னல் இல்லாமப் போயிருந்தா, சும்மா ஒருத்தனப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருந்தா, அப்புறம் ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன். என் போன அரிசிச் சாக்குக்குள்ள போட்டுட்டு அம்மாவோடதுல பேசறேன். கைக்கு எட்டுற மாதிரி வச்சிருந்தா கொடுத்துருவேன்."

நான் நிறைய ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அவள் கேட்ட மாதிரியும் தெரியவில்லை. கணினியில் பார்த்தேன். அவர்கள் மலை ஓரத்தில் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் ஒன்பது மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே அவள் அம்மாவின் போனுக்கு அடித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவதான் சார் கேட்டான். நேத்து ஒம்பது தடவ கேட்டவன் ஒரு தடவையோட நிறுத்திட்டான். அவனுக்கு முடியல சார். எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கேக்கறதுக்குக்கூட ஒடம்புல தெம்பு இருக்காது. விடிஞ்சதும் போங்க. ஒங்க காலப் பிடிக்கிறேன், மொத பஸ்ஸுல போங்க."

முதல் பஸ்ஸில் பசறை போனேன். தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து வருவதாகச் சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஸ்டோரிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குள் மூன்று பேர் யார், எங்கே என்று கேட்டுவிட்டார்கள். நிமலனின் வீடு லய வரிசையின் கடைசித் தொங்கலில். இரண்டு காம்பரா. ஒன்றில் தாயும் தகப்பனும். மற்றதில் புதிதாகக் கல்யாணமான அண்ணனும் அண்ணியும். நிமலனுக்குக் கிடைத்தது அடுப்பெரியும் குசினியின் மூலை. அவன் ஏன் மருந்தை விட்டான் என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு போத்தலை ஒளித்து வைக்க ஓர் அடி இடம் இல்லை.

சாக்கின் மேல் சுருண்டு கிடந்தான். தொட்டால் சுட்டது. வாய்க்குள் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. என்னை அடையாளம் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மருந்துப் போத்தல் விறகுக்குப் பின்னால் துணியில் சுற்றிக் கிடந்தது. பெரும்பாலும் நிறைந்தே இருந்தது. முச்சக்கர வண்டி மேலே ஏறாது என்பதால் நாலு பேர் கம்பளியில் வைத்து ரோட்டு வரைக்கும் தூக்கி வந்தார்கள். லயமே வாசலில் நின்று பார்த்தது. என்ன வருத்தம் என்று அண்ணன் கேட்டார். நெஞ்சுச் சளி என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் போத்தலில் ஒட்டியிருந்த எழுத்தை அவர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கே தேடித் தெரிந்துகொண்டார்கள்.

ஐந்து வாரம் வார்டில் இருந்தான். காச நோயும் சேர்ந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பிந்தியிருந்தால் பஸ்ஸில் போய் வந்த காசு வீண் என்றார் டொக்டர். சுபாஜினிக்குச் சொன்னேன், பிழைத்துவிட்டான் என்று மட்டும். "அப்பாடா" என்றாள். பிறகு, "என்னைய ஏசினானா?" என்று கேட்டாள். அவனுக்கு உங்களைத் தெரியாதே என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள்.

அவர்கள் சந்தித்தது எங்கள் ஏற்பாட்டில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரே நாளில் இருவருக்கும் முறை வந்தது, கிளினிக்கில் காத்திருக்கும் நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். பட்டப்பெயர் மேலேயே இருந்தது.

"இஞ்சித் தேத்தண்ணி... அது நீங்கதானா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சிங்கமா? நான் என்னமோ மீச கீச வச்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆள் இன்னும் தேறவில்லை, சட்டை தோளில் தொங்கியது. "மூணு நாளு கேட்டேன்" என்றான். "நாப்பத்தொம்பது நாளு கொடுத்தீங்க. முடியாமக் கெடந்தப்ப ஒரு கை தரல."

"ஆமா. தரல."

"ஒங்களாலதான் இந்த சாரு எங்க வீட்டுக்கு வந்தாரு. லயம் பூரா தெரிஞ்சுகிருச்சு. அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு இப்பத் தனித் தட்டு, தனிக் கோப்ப. ஸ்டோர்ல யாரும் பக்கத்துல ஒக்கார மாட்டேங்கறாங்க. இதுக்கு நான் அந்த மூலையிலயே செத்திருக்கலாம்."

வாங்கில் இருந்த மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த விதியை எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கியதும் நான்தான், அதை உடைக்காமலே உடைத்ததும் நான்தான். ஏதாவது சொல்லலாம் என்று வந்தேன். சுபாஜினி என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தனித் தட்டு எனக்கும்தான் தம்பி. நாலு வருசமா. வேற யாருமில்ல, பெத்த அம்மா வச்சாங்க. மொத நாளு அந்தத் தட்டுல சோத்தப் பாத்தப்ப செத்துரலாம்னு இருந்துச்சு. ரெண்டாம் நாளு பசிச்சுச்சு. தின்னுட்டேன்."

அவன் கையிலிருந்த நம்பர் துண்டை மடித்தான்.

"ஒன்னைய மாட்டிவிட்டது நான்தான். ஏசணுமா, நல்லா ஏசு, கேட்டுக்கிறேன். ஆனா நாளைக்கு மறுபடி நீ மருந்தப் போடாம வந்து கேட்டாலும் தர மாட்டேன். இத இப்பவே சொல்லி வச்சிர்றேன்."

பலீலா மிஸ் அவன் நம்பரைக் கூப்பிட்டார். அவன் எழுந்து போய் மருந்தை வாங்கிக்கொண்டு, எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கிப் போனான். சுபாஜினி அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெறுத்துட்டான் சார்" என்றாள். அன்றைக்கு அவளுக்குத் தின்ன நான் வாங்கிக் கொடுத்த ரோல்ஸை அவள் பிரிக்கவே இல்லை.

இரண்டு வாரம் என்று சொன்ன அனுமதி, இழுத்து இழுத்து, அடுத்த மாதம்தான் கொழும்பிலிருந்து வந்து அந்தப் பொத்தான் நீங்கியது. விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். பழைய கேங் எல்லாம் கலைந்ததால் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பி, யாரோடு சேர விருப்பம் என்று கேட்டிருந்தோம். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். நிமலனின் படிவம் கடைசியாக வந்தது. கோணல் மாணலான கையெழுத்து. பட்டப்பெயர் என்ற இடத்தில் 'சிங்கம்' என்று பழையபடியே எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே, யாரோடு என்ற இடத்தில்: "கொழுந்து தராத அந்த அக்கா இருக்கிற கேங்."